ஆணி உட்காரும் வரை

அக்டோபர் 16
பனிக்கு ஆணி பதித்த டயர் போட இன்றிலிருந்து அனுமதி. ஊரே ஐலுவின் பட்டறையில் வரிசை கட்டி நிற்கிறது. எங்கள் பெரிய வண்டி மட்டும் கோடைக்கால டயரோடு வாசலில் கிடக்கிறது. என் கணவன் ஆர்வித் படகுத்துறையில் விழுந்து வலது கையை உடைத்துக்கொண்டு இரண்டு வாரமாகிறது. டிசம்பரில்தான் கட்டுப் பிரிப்பார்கள். அதுவரை ஓட்டப்போவது நான். டயர் எதுவென்று முடிவு செய்வது மட்டும் அவன்.

"நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி. அதுக்கு ஆணி எதுக்கு? சத்தம்தான் மிச்சம்."

அக்டோபர் 19
மலைக்கு அந்தப் பக்கம் ஆல்டாவிலிருந்து தங்கை மாக்னில் போன் செய்தாள். முதியோர் இல்லச் சமையலறையில் எனக்கு வேலை உறுதியாம். நவம்பர் 20 காலை சேர வேண்டும். வார நாட்களில் அவள் வீட்டில் தங்கிக்கொள்ளலாம். "இந்தத் தடவையும் வரலைன்னா இப்பவே சொல்லிடு டோர்டிஸ், வேற ஆள் காத்துக்கிட்டிருக்கா."

ஆர்வித்திடம் சொன்னேன். "குளிர்காலம் போகட்டும்" என்றான். இருபத்தாறு வருஷமாக இதே பதில். அது போனால் மீன் சீசன் வரும், அப்புறம் புல் வெட்டு, அப்புறம் மறுபடியும் பனி.

அக்டோபர் 21
ஆணி டயருக்கு நான் பட்டறையில் சொல்லி வைத்திருந்ததை ஆர்வித் போன் போட்டு மாற்றியிருக்கிறான். ஐலுவுக்கு மறைக்கத் தெரியாது. தலையைச் சொறிந்தான்.

"ஆணி இல்லாத குளிர்கால டயரே போதும்னார். அவ ஊருக்குள்ளதானே ஓட்டப்போறான்னு."

ஊருக்குள்ளேதானாம்!

"நாலு சக்கரம் இழுக்கத்தான் உதவும்" என்றான் ஐலு. "நிறுத்துறது டயர். ரெண்டரை டன் வண்டி, ஐஸ்ல இறங்குறப்ப நாலும் சேர்ந்து வழுக்கும். யார் ஓட்டப்போறது?"

"நான்."

"அப்ப நீங்க சொல்லுங்க."

என்னைக் கேட்டுச் செய்வது யாருக்கும் பழக்கமில்லை. "ஆணி. நாலுக்கும்" என்றேன்.

அக்டோபர் 22
ஆர்வித் பேசவில்லை.

அக்டோபர் 23
பேசினான். "புது ஆணி ரப்பர்ல உட்காரணும். ஐநூறு கிலோமீட்டர் மெதுவா ஓட்டாம மலையேறினா தெறிச்சுடும். தெரியுமில்ல?"

தெரியும். ஐலுவும் அதையேதான் சொன்னான். உண்மையைக்கூட இந்த மனுஷன் பூட்டு மாதிரி எடுத்து மாட்டுகிறான்.

இந்த ஊரில் ஐநூறுக்கு எங்கே போவது? வீட்டிலிருந்து மலையடித் தடுப்புக் கட்டை வரை பதினெட்டு. அதற்கு மேல் பனி தள்ளும் வண்டிக்குப் பின்னால் வரிசையாகத்தான் விடுவார்கள். போக வர முப்பத்தாறு. பதினான்கு தடவை.

சரி.

அக்டோபர் 27
மூன்றாவது தடவை. வீடு, மீன் கொட்டகை, தேவாலயம், கட்டை. கட்டை, தேவாலயம், மீன் கொட்டகை, வீடு.

நவம்பர் 2
ஐந்தாவது. ஆர்வித்தும் ஏறிக்கொண்டான். வழியெல்லாம் ஆணி ரோட்டைச் சுரண்டியது. "காதே போச்சு" என்றான். கட்டை அருகே ஆறு வண்டிகள் காத்திருந்தன. கட்டை உயர்ந்தது. ஒவ்வொன்றாகப் பனிக்குள் மறைந்தன.

"திருப்பு."

திருப்பினேன். அழுகை வந்துவிட்டது. பார்த்தானா? பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தானா? எனக்கு மூச்சு முட்டுது. இந்தப் பக்கம் மலை, அந்தப் பக்கம் கடல், நடுவுல இவன். நான் என்ன ஓடியா போறேன்? அவனுக்கு வேணுங்கிறதுக்குக் கடை பக்கத்துலதான் இருக்கு, வெள்ளிக்கிழமை வந்துடுவேன்னுதானே சொல்றேன் —

நவம்பர் 9
ஒன்பது. "தினமும் அந்த ரோட்டுல என்னத்தத் தேடுறீங்க, எதையாவது தொலைச்சிட்டீங்களா?" என்று கடைக்காரி சிரித்தாள். ஆமாம் என்றேன்.

நவம்பர் 15
புயல். மலைப்பாதை மூடிவிட்டார்கள். என் கணக்கு பன்னிரண்டில் நிற்கிறது. இன்னும் சில நாளில் சூரியனும் போய்விடும், ஜனவரி வரை வராது. ஆர்வித் சன்னலோரம் உட்கார்ந்து, "ஒரு வாரம் அடிக்கும்" என்கிறான். குரலில் இருப்பது சந்தோஷமா, பயமா? கை உடைந்ததிலிருந்து அவன் சட்டைப் பொத்தானைப் போட்டுவிடுவது நான். இதை இன்றுதான் யோசித்தேன்.

நவம்பர் 18
காற்று நேற்றே அடங்கியது. இன்று பதினான்கு. 504.

நவம்பர் 19
விழித்தபோது ஆர்வித் படுக்கையில் இல்லை. வெளியே இரும்புச் சத்தம். சட்டைப் பொத்தான்களைத் துளை மாற்றிப் போட்டுக்கொண்டு, இடது கையால் ஸ்பேனரைப் பிடித்து, காலால் மிதித்துச் சக்கர நட்டுகளை இறுக்கிக்கொண்டிருந்தான்.

"டயர் மாத்தினா கொஞ்ச தூரம் ஓடினதும் திரும்ப இறுக்கணும். ரெண்டு நட்டு லூசா இருந்துச்சு."

ஐலு சொல்லியிருந்தான். ஐநூறை எண்ணுகிற அவசரத்தில் அதை அடியோடு மறந்திருக்கிறேன்.

"அங்க போய் இன்னொரு தடவை இறுக்கிக்க" என்றான்.

அங்க. அந்தச் சொல்லை அவன் வாயிலிருந்து முதல் தடவையாகக் கேட்டேன். பொத்தான்களைக் கழற்றிச் சரியாகப் போட்டுவிட்டேன்.

இதைக் கட்டை அருகே, வரிசையில் நான்காவது வண்டியில் உட்கார்ந்து எழுதுகிறேன். இப்போதுதான் பனி வண்டிக்காரர் வந்து, குனிந்து டயரைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைத் தட்டினார்.

"உள்ள எத்தனை பேர்?"

"ஒருத்தி."

குறித்துக்கொண்டு அடுத்த வண்டிக்குப் போனார்.