முறிகண்டிக்கு நேர்ந்த தேங்காய்

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் நோ குறைந்ததா? நான் கட்டுநாயக்காவில் சுகமாக இருக்கிறேன்.

என் சம்பளத்தைக் குறைத்துவிட்டார்கள் என்று நினைத்து, முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைப்பதாக நேர்ந்திருக்கிறீர்கள். சம்பளம் குறையவில்லை, அம்மா. இங்கே என் பெயரில் மட்டும் ஒரு வங்கிக் கணக்குத் திறந்து, பாதியை அதில் போடும்படி கார்மென்ட் தொழிற்சாலையில் எழுதிக் கொடுத்தேன். மீதிதான் உங்களுக்கும் எனக்கும் பொதுவான மாங்குளம் கணக்குக்கு வருகிறது. எனக்கென்று கொஞ்சம் இருக்கட்டும் என்று நினைத்தேன். இப்போது அதைத் தொடவும் மனம் வரவில்லை.

"ஓவர்டைம் இல்லையெண்டால் பரவாயில்லை, நேரத்துக்குச் சாப்பிடு பிள்ளை" என்று போனில் சொன்னீர்கள். "ஓம், சாப்பிடுறன்" என்று சொல்லிவிட்டு போனை வைத்தேன்.

யாராவது இந்தப் பக்கம் வந்தால், நீங்கள் இடித்த மிளகாய்த்தூளும் என் பழைய போர்வையும் கொடுத்துவிடுங்கள்.

வேலைக்குப் போகும் பஸ் வந்துவிட்டது. அந்தத் தேங்காயை வைத்திருங்கள், அம்மா. உடைக்கவேண்டியவள் நான்.

சுமித்திரா