நாலாவது கேள்வியில் ஒட்டிய செதில்

ராத்தா,

இன்று காலை அலுவலக அலுமாரியைத் திறந்ததும் கருவாட்டு வாடை அடித்தது. எலி செத்திருக்கும் என்று பக்கத்து மேசைக்காரி மூக்கைப் பொத்தினாள். எலியில்லை, நீங்கள்தான். பழைய ஆய்வின் படிவக் கட்டில் உங்களுடையது மட்டும் உப்பில் விறைத்துக் கிடந்தது. நாலாவது கேள்வி: தற்போது ஏதாவது வேலை செய்கிறீர்களா? ‘இல்லை’ என்ற கட்டத்தில் என் பேனாவின் சரிக்குறி. அதன் மேல் ஒரு சாளைச் செதில், இத்தனை வருடம் கழித்தும் விழாமல்.

சண்டை முடிந்து, கொழும்புக்காரருக்கு இந்தக் கரையின் மேல் திடீரென்று அக்கறை வந்த காலம் அது. நாட்டின் சமூகச் சவால்கள் என்ன, உலகச் சந்தையில் ஏன் நம்மால் போட்டி போட முடியவில்லை என்று ஆராய ஒரு நிறுவனம் புறப்பட்டது. இதே கரையோரத்து உடப்புக்காரியான எனக்குத் தமிழ், சிங்களம் இரண்டு பாஷையும் தெரியும் என்று படிவங்களைக் கையில் தந்து அனுப்பினார்கள். கண்டக்குழிக் கரையில் முதலில் கண்டது உங்களைத்தான். கரைத்தீவு அகதிக் குடியிருப்பிலிருந்து விடியமுன் வெள்ளாப்பிலேயே வந்து குந்தியிருந்து மீன் கீறிக்கொண்டிருந்தீர்கள். சுற்றிலும் உங்களைப் போலவே சண்டைக்காலத்தில் மன்னாரிலிருந்து துரத்தப்பட்ட முஸ்லிம் பெண்கள், தென்னோலைக் கிடுகு கிடுகாய்க் காயும் கருவாடு.

வேலை செய்கிறீர்களா என்று கேட்டேன். கத்தி நிற்கவில்லை.

“இல்ல தங்கச்சி. சும்மாதான் இரிக்கிறன்.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “அப்ப இது என்ன ராத்தா?”

அப்போதுதான் கத்தியைக் கீழே வைத்தீர்கள். “வேல எண்டு எழுதிடாத. எழுதினா நிவாரணத்த வெட்டிப்போடுவாங்க. முந்தி ஒருக்கா உண்மையச் சொல்லி, நிவாரணம் நிண்டு நாங்க பட்டது போதும்.”

‘இல்லை’ என்றே எழுதினேன். சரியான கட்டத்தில்தான் போட்டேனா என்று ஈரவிரலை வைத்துப் பார்த்தீர்கள். அன்று அந்தக் கரையில் மீன் கீறிய ஒவ்வொருத்தியும் சும்மா இருப்பதாகவே சொன்னாள். நானும் ஒவ்வொருத்திக்கும் அப்படியே போட்டேன். நல்ல காரியம் செய்த நினைப்பில், நீங்கள் தந்த பிளேன்டீயைக் குடித்துவிட்டு பஸ் ஏறினேன்.

அறிக்கையைத் தமிழாக்கும் வேலையும் என் தலையில்தான் விழுந்தது. அதில் இப்படி இருந்தது: இக்கரையோரப் பெண்கள் பொருளாதார நடவடிக்கைகளில் ஈடுபடுவதில்லை. கடற்கரையின் பெரும்பகுதி பயனின்றிக் கிடக்கிறது. அதைச் சுற்றுலாவுக்கு ஒதுக்கினால் நாட்டின் போட்டித்திறன் உயரும். வாசித்ததும், அது பிழை என்று மேலதிகாரியிடம் போய்ச் சொன்னேன். “தரவு அப்படிச் சொல்லவில்லையே மிஸ்” என்றார். தரவு என்னுடையது. பொய்யாக நிரப்பினேன் என்று சொன்னால் வேலை போய்விடும் என்று வாயை மூடிக்கொண்டேன். கோழைத்தனத்துக்கு வேறு பெயர் இல்லை, ராத்தா.

பிறகு ஹோட்டல் வேலி வந்தது. கிடுகு விரித்த இடத்தில் வெள்ளைக்காரர் சாய்ந்து படுக்கும் கதிரைகள் வந்தன. நீங்கள் கரைத்தீவு வளவுக்குள் கருவாடு போட்டுப் பார்த்தீர்கள். காற்றில்லாமல் புழு வைத்தது. கடைசியில் அதே வேலிக்குள் படுக்கை விரிப்புக் கழுவப் போனீர்கள். அங்கேதான் உங்களைக் கடைசியாகக் கண்டேன். ஏசுவீர்கள் என்று நினைத்து வந்தவளிடம், “உன்ன எழுதச் சொன்னது நாந்தானே” என்றீர்கள். ஏசியிருந்தால் வீடு போய் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

“இப்ப எழுது, வேல செய்யிறன் எண்டு. முந்தி என்ட மீன், என்ட கத்தி. இப்பதான் இன்னொருத்தன்ட வேல.”

நீங்கள் மௌத்தாகி மண்ணுக்குள் போய் ஒரு நோன்பும் கடந்துவிட்டது. போன கிழமை புதிய அறிக்கை மொழிபெயர்க்க வந்தது. அதில் ஒரு வரி: சுற்றுலாவால் இக்கரையோரப் பெண்களுக்கு முதன்முறையாக வேலை கிடைத்துள்ளது. ‘முதன்முறையாக’ என்ற சொல்லை மட்டும் விட்டுவிட்டு அனுப்பினேன். இன்று கொழும்பிலிருந்து அழைத்தார்கள்.

“ஒரு சொல் விடுபட்டிருக்கே மிஸ்.”

“அது பிழை சேர். அவங்க முந்தியும் வேலை செய்தவங்க.”

“பழைய படிவத்தில இல்லையெண்டுதானே இருக்கு? எடுத்துப் பாருங்க.”

அதற்காகத்தான் அலுமாரியைத் திறந்தேன். படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னேன்: “ஓம் சேர், இருக்கு. அந்தப் பொய்யை எழுதினது நான்.” அந்தச் சொல்லை அங்கேயே வேறு யாரையாவது கொண்டு போட்டுக்கொள்வதாகச் சொல்லி அவர் போனை வைத்துவிட்டார். போடுவார்கள். அச்சிலும் வரும். நாளைக்கு எனக்கு அங்கே மேசை இருக்குமா என்பதும் தெரியாது.

உங்கள் படிவத்தை நான் திருப்பி வைக்கவில்லை. மடிக்காமல் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். வாடை பொறுக்காமல் பக்கத்தில் இருந்த பெரியவர் திரும்பிப் பார்த்தார்.

“என்ன மகள், கருவாட்டு வேலையா?”

இல்லை என்று சொல்ல இந்த முறை எனக்கு வாய் வரவில்லை. ஓம் என்றேன்.