எலும்புக்குள் போன சேதி

என் செல்ல அப்பாவுக்கு,

இந்த நோட்டு யார் கையில் கிடைத்தாலும், தயவுசெய்து யாரிடமும் காட்டாதீர்கள். முக்கியமாக என் அம்மாவிடம். இது இறந்துபோன என் அப்பாவுக்கு மட்டும்.

அப்பா, நல்ல சேதி. நீங்கள் போன பிறகு தம்பி வினோத்துக்கு ரத்தம் ஊறாமல் போகிற நோய் வந்தது. என் எலும்பு மஜ்ஜை அவனுக்கு அப்படியே பொருந்துகிறதாம்! சென்னையில் தனி அறையில் இருக்கிறான், அத்தை துணை. அவனுடைய பழைய மஜ்ஜையை மருந்து கொடுத்து அழித்துவிட்டார்கள். நாளைக்கு நானும் அங்கே போனதும், என் ரத்தத்திலிருந்து, புது ரத்தத்தை உண்டாக்கும் விதை செல்களை எடுத்து அவனுக்கு ஏற்றுவார்கள். போனில் கேட்கிறான்: "அக்கா, உன் ரத்தம் ஊறிச்சின்னா நானும் கணக்குல பெயிலாயிடுவனா?" சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது.

இதற்காக எனக்கு நம் ஊரிலேயே நான்கு நாளாக ஊசி. இரண்டாம் நாளே இடுப்பும் முதுகும் உள்ளுக்குள் குடைந்தன. தறிக்குழியில் உட்கார்ந்து நெய்ததால் வந்த வலி என்று அம்மா நினைத்துவிட்டாள். நம் தெருவில் இடுப்பு வலிக்கு வேறென்ன காரணம் சொல்வார்கள்? இனிமேல் தறிப் பக்கம் வந்தால் காலை ஒடிப்பேன் என்றாள். நானும் தலையாட்டிவிட்டேன். ஊசியால் என்று தெரிந்தால் நிறுத்திவிடுவாளோ என்று பயம். உங்களுக்குப் பிறகு, நான் தும்மினாலே டாக்டரிடம் இழுத்துக்கொண்டு ஓடுகிறாள்.

ஊசி போடும் டாக்டரிடமும் வலியில்லை என்றே சொல்லிவந்தேன். இன்று அவர் முதுகில் விரல் வைத்ததும் துள்ளிவிட்டேன். அழுகையும் வந்துவிட்டது. அம்மா வெளியே இருந்தாள். டாக்டர் சிரித்தார்.

"ஊசியில இருக்கிறது ஒரு புரதம்மா. உன் உடம்பே செய்யற சேதிதான். மஜ்ஜைக்குள்ள போயி, நிறைய பெருகுங்க, பிடியை விட்டுட்டு ரத்தத்துக்கு வாங்கன்னு கூப்பிடுது. அவ்ளோ கூட்டம் கூடினா எலும்பு வலிக்காதா?"

எலும்பு கல் மாதிரிச் சும்மா கிடக்கிறது என்று நினைத்திருந்தேன் அப்பா. ஒரு பக்கம் கரைத்து, ஒரு பக்கம் கட்டிக்கொண்டே இருக்குமாம். கட்டுகிற செல்களுக்கும் இந்தச் சேதி எட்டுமாம். கொஞ்ச நாள் வேலையைக் குறைத்துவிட்டு, பிறகு தாமாகவே தொடங்குமாம். எனக்குள் இத்தனை பேச்சு நடக்கிறது, நான் மட்டும் வாயை மூடிக்கொண்டிருக்கிறேன்.

"இன்னிக்கே அம்மாகிட்ட நீயே சொல்லிடு. காலையில கடைசி ஊசிக்கு வரும்போது நான் கேப்பேன்" என்றார் டாக்டர்.

இன்னும் சொல்லவில்லை. நீங்களாக இருந்தால் எப்படி ஆரம்பிப்பீர்கள்? அம்மா வேண்டாம் என்றால் வினோத் என்ன ஆவான்?

அம்மா கதவைத் தட்டுகிறாள். "லைட்டு எரியுதே, இன்னும் வலிக்குதாம்மா?"

ஆமாம் என்று சொல்லப் போகிறேன் அப்பா. எல்லாவற்றையும். சத்தியம்.

கதவைத் திறக்கிறாள். உங்கள் மகள், வினோத்தின் அக்...