இன்கம்டாக்ஸ் விளையாட்டு

ஜூன் 9, திங்கள்

கத்திரி முடிந்துவிட்டதாம். வெயிலுக்கு இன்னும் தகவல் போகவில்லை.

பள்ளிக்கு வயிற்று வலி. பிளஸ் டூ தொடங்கி இரண்டாவது வயிற்று வலி. மிஸ் ஸ்கேன் ரிப்போர்ட் கேட்டாலும் கவலை இல்லை, அம்மா வேலை பார்ப்பதே அடையாறு ஸ்கேன் சென்டர் ரிசப்ஷனில். நிஜத்தில் போனது அம்மாவோடு தி.நகர் பாங்குக்கு.

பையில்: பவர் பத்திரம் ஒரிஜினல். ஜெராக்ஸ் மூன்று செட். தாத்தா ஆதார், பான், ஃபோட்டோ (முறைக்கிறார்). அம்மாவுக்கும் அதே (கெஞ்சுகிறாள்). பசை. தண்ணீர் பாட்டில்.

பின்னால் என்றைக்காவது படித்தால் புரிய வேண்டுமே என்று: தாத்தா அம்மாவின் அப்பா. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து தி.நகரில் பாத்திரக்கடை போட்டவர். கடையை விற்ற பணம் முழுக்க இந்த பாங்கில், அவர் பெயரில். இப்போது மறதி. போதாததற்கு இடுப்பெலும்பு முறிந்து மந்தைவெளி வீட்டில் எங்களோடு ஆறு மாதமாகக் கட்டில். பகலில் பார்த்துக்கொள்வது மேரி அக்கா. அவர் சம்பளம் தாத்தாவின் பணத்திலிருந்து. இத்தனை நாள் ஏடிஎம் கார்டைச் சொருகி எடுத்துக்கொண்டிருந்தோம். மே மாதத்தோடு கார்டு காலாவதி. புது கார்டுக்குக் கையெழுத்து கேட்கிறார்கள். தாத்தாவின் கையெழுத்து இப்போது நண்டு நடந்துபோன மாதிரி. ஆகவே பவர். "என் பணத்தை என் மகள் கையாளலாம்" என்று மூன்று வருடம் முன்பு, மறதிக்கு முன்பு, அவரே பதிவு செய்து கொடுத்தது.

பவர் ஆஃப் அட்டர்னி. பெயரிலேயே பவர் ஆஃப். எங்களுக்குத்தான் புரியவில்லை.

கவுன்டரில் இருந்தவரின் பெயர் தெரியவில்லை. டை கிளிப் மட்டும் மின்னியது. இனி அவர் கிளிப்.

"பவர் ஓகே மேடம். ஆனா கஸ்டமர் ஒரு தடவ நேர்ல வந்து கன்ஃபர்ம் பண்ணணும்."

"அவரால வர முடியாதுன்னுதானே சார் பவரே?"

"கரெக்ட் மேடம். அதைத்தான் அவர் வந்து சொல்லணும்."

நான் சிரித்துவிட்டேன். அம்மா காலை மிதித்தாள். வெளியே வந்து கரும்பு ஜூஸ். அம்மா குடிக்கவில்லை, ஸ்ட்ராவை மடித்து மடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அரை நாள் லீவு போச்சு என்றாள். இந்த மாதத்தில் மூன்றாவது.


ஜூன் 11, புதன்

மாலை ஐந்து மணிக்கு நாலு துளி மழை. துணியை எடுத்ததும் நின்றுவிட்டது.

கண்டுபிடிப்பு: தாத்தாவுக்குப் புது விஷயம் ஏறும். காலையில் காபி குடித்ததே தெரியாது, அதனால் நேற்று மூன்று தடவை "காபி குடிச்சாச்சு தாத்தா" என்று ஏமாற்றினேன், மூன்று தடவையும் "அப்படியா" என்று தலையாட்டினார். ஆனால் கடலைமிட்டாய் கொடுத்துச் சொல்லிக்கொடுத்தால் பிடித்துக்கொள்கிறார். போன வாரம் முழுக்க ஒரே பாடம்:

அம்மாவைக் காட்டி, "தாத்தா, அது யாரு?"

"இன்கம்டாக்ஸ்!"

மிட்டாய்.

அம்மா எப்போதும் ஃபைலும் கையுமாகத்தானே அவரிடம் வருகிறாள்? இங்கே கையெழுத்துப் போடுங்க, அங்கே விரலை வைங்க. கடை நடத்திய காலத்தில் அவருக்கு உலகத்தில் ஒரே பயம் ரெய்டு. எமனைக்கூட உட்காரவைத்து மோர் கொடுத்திருப்பார். அதனால் பெயர் கச்சிதமாகப் பொருந்திவிட்டது. சொல்லிவிட்டு மிட்டாயைச் சப்பிக்கொண்டே பல் செட் இல்லாத வாயால் சிரிப்பார். "ஏட்டி, கதவச் சாத்து, வந்துட்டா!"

மேரி அக்கா சிரித்துச் சிரித்து சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். "இன்னா பாப்பா, பெத்த பொண்ணையே பேர் மாத்திக்கினு கீற. உங்கம்மாவுக்குத் தெரிஞ்சா தோல உரிச்சிடும்."

அம்மா வரும்போது நாங்கள் மூவரும் நல்லவர்கள்.


ஜூன் 13, வெள்ளி

மறுபடி பாங்க். அம்மா ஆஃபீஸிலிருந்து நேராக, நான் பள்ளியிலிருந்து. கணித நோட்டின் கடைசிப் பக்கத்தில் டோக்கன் எண்களை எழுதிக் கூட்டி விளையாடினேன்.

கிளிப் இன்று இன்னொரு கேள்வி வைத்திருந்தார். குரலைத் தாழ்த்தி, வியாதி விசாரிக்கிற மாதிரி: "மேடம், அப்பாவுக்கு... மைண்ட் எல்லாம் ஓகேதானே?"

அம்மா ஒரு நொடி கூட யோசிக்கவில்லை. "ஓ. நல்லா இருக்காரு. கால்தான் பிரச்சனை."

அப்புறம் ஆட்டோவில் எனக்கு விளக்கினாள். கொடுத்தவருக்குப் புத்தி தெளிவாக இருக்கும்வரைதான் பவர். தெளிவில்லை என்று ஆகிவிட்டால் அது வெறும் காகிதம். அதாவது தாத்தா நன்றாக இருந்தால்தான் அம்மா அவருக்காகச் செய்ய முடியும். நன்றாக இல்லாமல் போனால் முடியாது. குடை வாங்கலாம், மழை பெய்தால் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

முடிவு: கிளிப் புதன்கிழமை வீட்டுக்கே வந்து தாத்தாவைப் பார்த்துப் பேசுவார். "ரெண்டு நிமிஷம் மேடம். ஃபார்மாலிட்டி."

மேரி அக்காவின் மே சம்பளம் இன்னும் போகவில்லை. அவர் கேட்கவில்லை. கேட்காமல் பாத்திரத்தைக் கொஞ்சம் சத்தமாக வைக்கிறார்.


ஜூன் 15, ஞாயிறு

அம்மா தாத்தாவுக்கு டியூஷன். நாற்காலியைக் கட்டிலோரம் இழுத்துப் போட்டுக்கொண்டு. பெயர், ஊர், தொழில், யார் பவர் வாங்கியது.

"அப்பா, நான் யாரு?"

"பத்மா."

"பத்மா உங்களுக்கு என்ன வேணும்?"

"ஒண்ணும் வேண்டாம். காபி போட்டா போதும்."

நான் சமையலறைக்கு ஓடிப்போய்ச் சிரித்தேன். அம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. ஐந்தாவது தடவையில் "எம் மக" என்றார். அம்மா அவர் நெற்றியைத் துடைத்துவிட்டாள். வேர்வை எதுவும் இல்லை. சும்மா துடைத்தாள்.

அம்மா மீன் வாங்கப் போன நேரத்தில் ஒரே ஒரு தடவை, சோதனைக்கு:

"தாத்தா, பத்மா யாரு?"

அவர் வாசல் பக்கம் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "இன்கம்டாக்ஸ்."

மறக்கவே இல்லை! மிட்டாய் கொடுத்தேன். கொடுத்திருக்கக் கூடாது. எழுதிவைக்கிறேன்: கொடுத்திருக்கக் கூடாது என்று அப்போதே தோன்றியது.


ஜூன் 18, புதன்

வந்தார். டை கிளிப், கையில் ஃபைல், பாக்கெட்டில் பேனா. ஷூவைக் கழற்றி ஒழுங்காக ஓரமாக வைத்தார். மேரி அக்கா மோர் கொடுத்தார். தாத்தாவுக்கு வெள்ளைச் சட்டை, திருநீறு. கடைத் திறப்பு விழா மாதிரி.

"ஐயா, பேரு?" சரியாகச் சொன்னார்.

"ஊரு?" சரி.

"என்ன தொழில் பண்ணீங்க?"

"பாத்திரம். எவர்சில்வர், பித்தளை. மொத்தமாவும் குடுப்போம், சில்லறையும் உண்டு. ஒமக்கு என்ன வேணும்?"

கிளிப் சிரித்தார். நல்ல சிரிப்பு. ஃபைலில் டிக் போட்டார். அம்மாவின் தோள் இறங்கியது. எல்லாம் முடிந்த மாதிரிதான் இருந்தது.

"இவங்க யாரு ஐயா?"

தாத்தா அம்மாவைப் பார்த்தார். அப்புறம் கிளிப்புக்குப் பின்னால் கதவோரம் நின்றிருந்த என்னைப் பார்த்தார். வேண்டாம் என்று தலையாட்டத்தான் நினைத்தேன். ஆனால் அதற்குள் சிரிப்பு வந்துவிட்டது. என் மூஞ்சி அப்படி. சிரித்துத் தொலைத்தேன்.

"இன்கம்டாக்ஸ்," என்றார்.

கிளிப் நிமிர்ந்தார். அம்மா, "அப்பா, விளையாடாதீங்க. நான் யாரு?" என்றாள்.

அப்போது தாத்தாவின் முகம் மாறியது. சிரிப்பு போய்விட்டது. டையைப் பார்த்தார், ஃபைலைப் பார்த்தார், பேனாவைப் பார்த்தார். கையைத் தலையணைக்கு அடியில் கொண்டுபோனார், அங்கே எதுவும் கிடையாது.

"ஓ, இன்னிக்கு ஆளும் கூட்டிட்டு வந்திருக்கியோ. எங்கிட்ட ஒண்ணும் கெடையாது. கணக்கெல்லாம் கணக்குப்பிள்ளைட்ட இருக்கு. இவளுக்கு நான் ஒண்ணும் எழுதிக் குடுக்கல வே."

"ஐயா, உங்க மகளுக்கு பவர் குடுத்தீங்களே?"

"மகளா? எனக்கு ஏது மக? ஒரே பையன். அவன் போயிட்டான்."

(பையன் போனது மட்டும் நிஜம். மாமா இறந்து பத்து வருடம்.)

அம்மா நாற்காலியின் கைப்பிடியில் இருந்த பழைய ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

கிளிப் வாசலில் ஷூவை மாட்டிக்கொண்டே சொன்னது அப்படியே: "தப்பா எடுத்துக்காதீங்க மேடம். புத்தி சரியா இருக்குன்னு எழுதினா, அவர் மறுக்குறாரு, பவர் செல்லாது. சரியில்லன்னு எழுதினா, பவர் ஏற்கெனவே செல்லாது. ரெண்டுல எது எழுதட்டும்?"

நிஜமாகவே அம்மாவின் பதிலுக்குக் காத்திருந்தார். லேஸ் கட்டி முடிக்கும் வரை.

"கோர்ட்ல கார்டியன் ஆர்டர் வாங்கிட்டு வாங்க மேடம். அதுவரைக்கும் அக்கவுன்ட்லேருந்து எதுவும் எடுக்க முடியாது. மோர் நல்லா இருந்துச்சு."


ஜூன் 20, வெள்ளி

மழை வருகிற மாதிரி இருட்டிக்கொண்டு வந்து ஏமாற்றியது.

லஸ் பக்கம் ஒரு வக்கீல். மாடிப்படி செங்குத்து. ஆறு மாதம் ஆகும் என்றார், நல்லபடியாகப் போனால். ஃபீஸ் சொன்னபோது அம்மா இரண்டு தடவை கேட்டாள், காது கேட்காத மாதிரி.

வீட்டுக்கு வந்து மேரி அக்காவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் பல் தேய்க்கிற மாதிரி நின்று கேட்டேன்.

"ரிஜிஸ்டர் ஆபீஸ்ல அன்னைக்கு, எல்லார் முன்னாடியும், எம் மக பாத்துக்கிடுவான்னு சொன்னாரு மேரி. என் வாழ்க்கைல அவர் என்னைப் பத்தி சொன்ன ஒரே நல்ல வார்த்தை. கடையிலகூட என் கல்யாணத்துக்கு முன்னாடி எட்டு வருஷம் கல்லாவுல உக்காந்திருக்கேன். போர்டுல அண்ணன் பேரு. இப்ப மகளே இல்லன்னுட்டாரு."

வாய் முழுக்க நுரை. துப்பவும் முடியவில்லை, சொல்லவும் முடியவில்லை. துப்பினேன்.


ஜூன் 21, சனி

மேரி அக்கா போய்விட்டார். பட்டினப்பாக்கத்தில் வேறு வீடு கிடைத்திருக்கிறது, அவர் வீட்டுக்கும் பக்கம். அம்மா மே சம்பளத்துக்குத் தன் வளையல் ஒன்றைக் கொடுக்கப் பார்த்தாள். மேரி அக்கா வாங்கவில்லை. "இருக்கட்டும்மா. துட்டு வந்தா குடு. என் ஊட்லயும் உலை வைக்கணும்ல, அதான்."

செருப்பு மாட்டும்போது என்னிடம், தணிவாக: "அந்த ஆட்டம் ஆடிக்கினு இருந்தியே. அம்மாண்ட சொல்லிட்டியா?"

இல்லை என்றேன்.

"சொல்லிடு பாப்பா."

சொல்வேன். நாளைக்கு.


ஜூன் 24, செவ்வாய்

சொல்லவில்லை.

இப்போதைய ஏற்பாடு: காலை எட்டரைக்கு அம்மா தாத்தாவுக்கு இட்லி ஊட்டி, டயபர் மாற்றி, கதவைப் பூட்டிவிட்டு அடையாறு போகிறாள். நாலேகாலுக்கு நான் வந்து திறக்கிறேன். நேற்று தண்ணீர் டம்ளர் கை எட்டாத தூரத்தில் உருண்டு கிடந்தது. எப்போதிலிருந்து என்று அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. உதடு ஒட்டிக்கொண்டிருந்தது. வாசனையைப் பற்றி எழுதவில்லை.

அம்மா அவரோடு பேசுவதில்லை. ஊட்டும்போது ஸ்பூன் ஈறில் இடிக்கிறது. முன்பெல்லாம் இடித்தால் "ஐயோ" என்பாள். "ஏம்மா, யாரு நீங்க, நல்லாப் பாத்துக்கிடுதிய" என்று இன்று அவர் கேட்டார், மரியாதையாகத்தான். அம்மா அடுத்த கவளத்தைத் திணித்தாள். கன்னம் புடைத்துக்கொண்டு அவர் மென்றுகொண்டே இருந்தார்.

நான் கடலைமிட்டாய் டப்பாவை வைத்துக்கொண்டு "அது உங்க மக, உங்க மக" என்று இருபது தடவை சொல்லிக்கொடுத்துப் பார்த்தேன். ஏறவில்லை. மிட்டாயை மட்டும் வாங்கிக்கொண்டார்.


ஜூன் 26, வியாழன்

அம்மா லீவு. சம்பளம் பிடித்துக்கொள்வார்கள். தாத்தாவின் வேட்டிகளை எண்ணி மடித்துக்கொண்டிருந்தாள், ஆறு. என்னிடம் ஒரு ஃபார்மை நீட்டினாள்.

ராயப்பேட்டையில் ஒரு டிரஸ்ட் நடத்தும் இல்லம். சாப்பாடு, மருந்து, படுக்கை, எல்லாம் இலவசம். ஒரே நிபந்தனை. ஆதரவுக்கு யாரும் இல்லாதவர்களை மட்டும்தான் சேர்ப்பார்கள்.

"நீ எழுது. உன் எழுத்துதான் தெளிவா இருக்கும்."

பெயர். வயது. நோய். சொத்து, சேமிப்பு: "இல்லன்னு போடு." பாங்கில் இருக்கிறதே என்றேன். "எடுக்க முடியாதது இருந்தா என்ன, இல்லாட்டி என்ன?" போட்டேன்.

அடுத்த வரி: சேர்ப்பவருக்கும் இவருக்கும் உள்ள உறவு.

பேனா நின்றது. அப்போதுதான் சொன்னேன். மிட்டாய், ஒரு வாரப் பாடம், ஞாயிற்றுக்கிழமை சோதனை, கதவோரம் நின்று சிரித்தது, எல்லாம். அழுதுகொண்டேதான் சொன்னேன். தாத்தா வேணும்னு சொல்லலம்மா, நான்தான் பழக்கினேன், அனுப்பாதே, பள்ளியை விட்டு நின்றுகூட நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

அம்மா நாலாவது வேட்டியை உதறி மடித்தாள்.

"தெரியும். மேரி போறதுக்கு முன்னாடியே சொல்லிட்டா."

"அப்புறம் ஏம்மா?"

"நீ சொல்லிக் குடுத்தது ஒரு வார்த்தை. மிச்சத்தையும் நீதான் சொல்லிக் குடுத்தியா?"

இல்லை. மகளே கிடையாது என்று நான் சொல்லிக்கொடுக்கவில்லை.

உள்ளே தாத்தா யாரையோ கூப்பிட்டு, கடையைச் சாத்தியாச்சா என்று கேட்டார். அம்மா ஐந்தாவது வேட்டியை எடுத்தாள்.

"எழுது," என்றாள் அம்மா.

"என்னன்னு?"

"பக்கத்து வீடு."

எழுதினேன். கீழே முகவரி கேட்டிருந்தது, இரண்டு பேருக்கும் தனித்தனியாக. எங்கள் கதவு எண்ணைத் தாத்தாவுக்குப் போட்டாயிற்று. எங்களுக்கு ஒன்று கூட்டிப் போட்டேன்.