கமாவோடு நின்ற வரி

அன்புத் தோழிக்கு,

இன்று விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி 'வென் மை மதர் கம்ஸ்' என்று மட்டும் எழுதி, முற்றுப்புள்ளி வைத்திருந்தாள். அதைக் கமாவாக மாற்றப் போனேன். பேனா நகரவில்லை. உன் ஞாபகம் வந்து உட்கார்ந்துகொண்டது.

தியாகதுருகத்தில் ஒரே தனியார் பள்ளியில் ஆசிரியைகளாக இருந்தோம். தகுதித் தேர்வில் தேறினால்தான் வேலை நிலைக்கும் என்று சொல்லிவிட்டார்கள். நான் இரண்டு முறை கோட்டை விட்டவள், இரண்டு முறையும் இங்கிலீஷில். ஞாயிற்றுக்கிழமைகளில் கள்ளக்குறிச்சிக்குப் பயிற்சி வகுப்புக்குப் போவோம். உன் அத்தாவின் துணிக்கடை வாசலில்தான் பஸ் நிற்கும். நீ முந்தி ஏறி ஜன்னல் சீட்டைப் பிடித்துவிடுவாய். "ஒருநாளாச்சும் எனக்கு வுடுடி" என்றால், "பாஸ் பண்ணு, தரேன்" என்பாய்.

இங்கிலீஷ் இலக்கணத்தில் ஃபிரேஸ் என்கிற சொற்றொடர் எது, கிளாஸ் என்கிற வாக்கியக் கூறு எது என்பதில்தான் எனக்குத் தகராறு. எனக்குத் தெரிந்த கிளாஸ் டீ கிளாஸ் ஒன்றுதான் என்று நான் அலுத்துக்கொண்ட அன்று, புத்தகத்தை மூடிவிட்டுச் சொன்னாய்: "ஆளு இருக்கா, அந்த ஆளு இன்னா பண்ணுதுன்னு பாரு. ரெண்டும் இருந்தா கிளாஸ். இல்லாங்காட்டி ஃபிரேஸ். 'ஆஃப்டர் த ரெயின்' ஃபிரேஸு. 'ஆஃப்டர் ஷி கேம்' கிளாஸு."

நான் விடுவேனா? 'மை ஹவுஸ் நியர் த பஸ் ஸ்டாண்ட்' முழு வாக்கியம் என்று சாதித்தவள் ஆயிற்றே. "'என் வூடு பஸ் ஸ்டாண்டு பக்கத்துல'ன்னு சொல்றோம். இதுல யாரு இன்னா பண்றாங்க?" என்று கேட்டேன்.

"அது தமிழ்லடி. இங்கிலீஷ்காரன் வூட்டுல இஸ் இல்லாம அடுப்பே எரியாது" என்றாய். டிக்கெட் போட்டுக்கொண்டிருந்த கண்டக்டர்கூட சிரித்துவிட்டார்.

பிறகு ஒருநாள், "ஆளும் இருக்கும், வேலையும் இருக்கும், ஆனா தனியா நிக்காது. வென், இஃப்னு ஆரம்பிச்சா பாதிதான். மீதிக்கு இன்னொண்ணு வரணும்" என்றாய். அதையே விளையாட்டாக்கினோம். ஒருத்தி பாதியைப் போனில் அனுப்புவாள், மற்றவள் முடிக்க வேண்டும். 'இஃப் ஐ ஸ்லீப் இன் த பஸ்,' என்று நீ அனுப்பினால், 'ஐ வில் லூஸ் மை சீட்' என்று நான் முடிப்பேன்.

என் மூன்றாம் முயற்சியில் இருவரும் தேறினோம். சீட்டைக் கேட்டேன். "அடுத்த வாரம்" என்று சிரித்தாய். அதற்குள் பயிற்சி வகுப்பும் முடிந்து, எனக்குக் கல்வராயன் மலையில் வேலை கிடைத்துவிட்டது.

ஆபரேஷனுக்காகப் புதுச்சேரி போயிருந்த நீ, அது நடக்கவிருந்த நாள் காலையில் அனுப்பினாய்: 'வென் ஐ கம் பேக்,'. அவ்வளவுதான். பார்த்தேன். வகுப்புக்கு மணி அடித்தது. நல்லதாக யோசித்து மாலையில் அனுப்பலாம் என்று போனைப் பையில் போட்டேன். மாலையில் உன் தம்பிதான் போனில் பேசினான், ஆபரேஷன் தியேட்டரிலிருந்து நீ திரும்பவில்லை என்று.

எதையாவது உடனே எழுதியிருக்கலாம். தப்பாக இருந்தாலும் படித்துச் சிரித்துவிட்டு உள்ளே போயிருப்பாய். இத்தனை நாள் கழித்தும் அது என்னை அறுக்கிறது.

இன்று மலையிலிருந்து இறங்கும் பஸ்ஸில் ஜன்னல் சீட் காலியாகத்தான் இருந்தது. வழக்கம்போல அதற்கு அடுத்த இடத்தில் உட்கார்ந்து, போனை எடுத்து உன் வரியை முடித்தேன்: 'த விண்டோ சீட் இஸ் மைன்.'

இந்த முறை இஸ்ஸை விடவில்லை, பாரு.