திரும்பிப் பார்க்கிற இடம்

என் அருமை ராஜி,

போன சனிக்கிழமை நம் நாடகத்தை மறுபடி போட்டோம். நீ இல்லாமல் முதல் தடவை. கொச்சி மட்டாஞ்சேரியில் அதே கிடங்கு, அதே சுக்கு மூட்டைகள். பாதாள லோகக் காட்சியில் செத்தவர்களாக நின்றவர்களெல்லாம் சுக்குத் தூசியில் வரிசையாகத் தும்ம, முன்வரிசைச் சேட்டன் ஒருவர் விழுந்து விழுந்து சிரித்தார். நீ இருந்திருந்தால் மேடையிலேயே சிரித்துச் செத்திருப்பாய். அட, என்ன எழுதுகிறேன் பார்!

அந்தக் கிரேக்கக் கதையைப் படித்ததும் நீ சண்டைக்கு வந்தது ஞாபகமிருக்கிறதா? பாட்டுக்காரன் ஒருவன் செத்துப்போன மனைவியைப் பாதாளத்திலிருந்து கூட்டிவருகிறான். வெளியே வரும்வரை திரும்பிப் பார்க்கக் கூடாது. பொறுக்காமல் பார்த்துவிடுகிறான், அவள் போய்விடுகிறாள்.

"எடீ கோமதி, வரணுமா வேண்டாமான்னு அவளை யாராவது கேட்டாங்களா?" என்றாய்.

அதனால் நம் நாடகத்தில் அவளே பின்னாலிருந்து கூப்பிடுவாள். அவன் திரும்புவான், அவள் தன் இஷ்டப்படி போவாள். நீ மனைவி, நான் பாட்டுக்காரன். தெருவே என்னை உன் புருஷன் என்று கேலி செய்தது.

ஆஸ்பத்திரியிலும் நீ அதையேதான் செய்தாய். "போதும்டீ, வீட்டுக்குப் போலாம்" என்றாய். நான் சென்னை டாக்டரைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தேன். உன் மேல் எனக்கு எத்தனை கோபம் தெரியுமா?

இப்போது உன் வேஷம் உன் மகள் திவ்யாவுக்கு. தமிழ் வசனத்தை மலையாள எழுத்தில் எழுதிவைத்து மனப்பாடம் செய்தாள். குரல் மட்டும் அப்படியே உன்னுடையது, பாவி! ஒத்திகையில் ஒருநாளும் என்னால் திரும்ப முடியவில்லை. திரும்பினால் போய்விடுவாளே.

"சித்தி, நீங்க திரும்பலேன்னா அவ அங்கேயே நிக்கணும். வரவும் முடியாது, போகவும் முடியாது," என்று சாயாவை நீட்டினாள் திவ்யா.

சனிக்கிழமை அவள் கூப்பிட்டாள். வசனத்தில் இல்லாத ஒன்றைத் திரும்பாமலே கேட்டேன்.

"உனக்குப் போகணுமா?"

 பின்னாலிருந்து உன் குரல், "போகணும்" என்றது.

திரும்பினேன். மூட்டைகளுக்கு நடுவே நடந்து போனாள். போகிற வழியில் ஒரு தும்மல். யாரும் சிரிக்கவில்லை. நான்தான் அழுதுகொண்டே சிரித்தேன்.

திவ்யாவுக்கு வீட்டில் வரன் பார்க்கிறார்கள். அவளைக் கேட்காமல் எதுவும் நடக்காது, அதற்கு நான் பொறுப்பு. நீ போய் வா, ராஜி.

உன் மேடைப் புருஷன்,
கோமதி