பூஜ்ய கிரெடிட் பாடம்

இன்று காலை நம் பிரிவு அறையின் இரும்பு அலமாரியை நகர்த்தியபோது, அதன் பின்னாலிருந்து ஒரு மணிலா அட்டை சரிந்து விழுந்தது. ஆறு கட்டங்கள், கட்டத்துக்கு ஒரு செமஸ்டர். உள்ளே உன் கோணல் கையெழுத்தில் மஞ்சள் துண்டுத் தாள்கள், சில இடங்களில் ஒன்றின் மேல் ஒன்றாக நான்கு. நீ போய் இரண்டு வருடம் ஆகப் போகிறது. அதைப் பார்த்ததும் அழுகை வந்திருக்க வேண்டும். எரிச்சல்தான் வந்தது. 'ஹார்மனி இரண்டு' முதல் செமஸ்டரில் ஒட்டியிருந்தது, 'ஹார்மனி ஒன்று' மூன்றாவதில். இதை உன்னிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பேன்? நேரில் திட்ட நீ இல்லை. அதனால் எழுதுகிறேன்.

சுங்கை பட்டாணியில் நம் கல்லூரி இசைக் கோட்பாட்டில் ஓர் இளங்கலைப் பட்டம் தொடங்கப் போகிறது என்று டீன் சொன்னபோது, இசைப் பிரிவில் ஆசிரியர்களாக இருந்ததே நாம் இரண்டு பேர். நான் கோலா கெத்திலில் சின்ன வயதிலிருந்தே தேவாலயத்தில் ஆர்கன் வாசித்தவள். இசையைத் தாளில் பார்த்துப் பழகியவள். நீ கூலிம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்த்துக்கொண்டே கல்யாண மண்டபங்களில் கீபோர்டு வாசித்து, முப்பது வயதுக்கு மேல் படித்து, பாடம் நடத்த வந்தவள். இருவருக்கும் ஒரே வயது. அதைத் தவிர நமக்குள் ஒத்துப்போன விஷயம் ஒன்றுகூட எனக்கு நினைவில் இல்லை.

டீன் மூன்று மாத அவகாசம் கொடுத்தார். மூன்று மாதமும் நீ ஒட்டுவதும் நான் பிய்ப்பதுமாகவே போனது. புக்கிட் செலம்பாவிலிருந்து மோட்டாரில் அரைமணி நேரம் தாமதமாக வருவாய். ஹெல்மெட்டை என் கோப்புகளின் மேல் வைப்பாய். நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு, முந்தின நாள் நாம் முடித்ததையெல்லாம் கலைப்பாய்.

"காது முதல்ல லா. கண்ணு அப்புறம் வரட்டும்."

அங்கீகாரக் குழுவின் படிவத்தை உன் முன்னால் தள்ளுவேன். "இந்த போராங்ல காதுக்குக் கட்டம் இல்ல. கிரெடிட், நேரம், தேர்வு. இதுக்குத்தான் கட்டம் இருக்கு."

"அப்ப போராங்க மாத்தச் சொல்லு."

இப்படிப் பேசும் ஒருத்தியோடு ஒரு பட்டப்படிப்பை எப்படித் திட்டமிடுவது? ஒரு பாடம் எதை நம்பி நிற்கிறது, அதற்கு முன் எது முடிந்திருக்க வேண்டும் என்று நான் அம்புக்குறி போடுவேன். நீ அம்புக்குறியின் மேல் சாம்பல் கொட்டுவாய். ஆமாம், சாம்பல். ஜன்னல் பக்கம் போய்ப் புகைக்கச் சொன்னாலும் கேட்டதில்லை.

நீ விடாமல் பிடித்துக்கொண்டது ஒன்றே ஒன்று. முதல் செமஸ்டருக்கு முன்னால் பத்து வாரம், பூஜ்யம் கிரெடிட்டில் ஒரு பாடம். வாசிக்கத் தெரிந்து, ஸ்வரத்தைத் தாளில் படிக்கத் தெரியாதவர்களுக்கு. முதல் வாரம் தாளே கிடையாது. அவர்கள் வாசித்ததை அவர்களே மெல்ல எழுத வேண்டும். எனக்கு அது ஒரு பாடமாகவே படவில்லை. கண்ணில் பட்டவர்களையெல்லாம் உள்ளே இழுத்துவர நீ செய்யும் தந்திரமாகப் பட்டது.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் என்னைக் கட்டாயப்படுத்தி லூனாசுக்கு அழைத்துப் போனாய். கையுறைத் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் கவிதா என்ற பெண்ணின் வீடு. அவள் அப்பா செம்பனை லோரி ஓட்டுபவர். கவிதா பள்ளிப் படிப்பு முடித்து ஒரு வருடமாகியிருந்தது. கூடத்தில் ஒரு பழைய கீபோர்டு. அவள் வாசிக்க, அவள் அம்மா அடுப்படியிலிருந்தபடியே பாடினார்.

நான் பரீட்சை வைப்பதுபோல் கேட்டேன். "இது என்ன ஸ்கேல்மா?"

"தெரியல மிஸ். அம்மாவுக்கு வசதியானது இது. அத்தை பாடுனா ரெண்டு கட்டை ஏத்தணும்." பாட்டை நிறுத்தாமலே ஏற்றிக் காட்டினாள். நடுவில் அவள் விரல்கள் ஓர் இடத்தில் விலகிப் போயின. ஏன் என்று கேட்டேன். "அந்தக் கட்டை செத்துப்போச்சு மிஸ். அதான் சுத்திப் போறேன்."

அவள் சுற்றிப் போன வழிக்கு நம் பாடத்திட்டத்தில் ஒரு பெயர் உண்டு. அது மூன்றாவது செமஸ்டரில்தான் வருகிறது. எனக்கு அது அப்போதே தெரிந்தது. உனக்கும் தெரிந்தது, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய். அந்தப் பார்வைதான் எனக்குப் பொறுக்கவில்லை.

திரும்பி வரும்போது, நான் காடி ஓட்ட, பக்கத்து சீட்டிலிருந்து கேட்டாய். "இவ எந்த வாசல் வழியா உள்ள வருவா?"

"திறமை இருக்கு. இசைத் தேர்வு பாஸ் பண்ணின சிஜில் இல்ல. நான் என்ன பண்ண?"

"அத நீதான் சொல்லணும்."

அடுத்த வாரம் ஒரு வியாழக்கிழமை டீன் கூப்பிட்டார். கோப்பு மறுநாள் பைண்டிங் போக வேண்டும். பூஜ்யம் கிரெடிட் என்று ஒரு பாடம் இருந்தால் குழு கேள்வி மேல் கேள்வி கேட்கும், ஒரு வருடம் தள்ளிப்போகும் என்றார். உனக்கு இரண்டு தடவை அழைத்தேன். நீ எடுக்கவில்லை. வழியில் டயர் வெடித்து நீ மோட்டாரைத் தள்ளிக்கொண்டு நடந்தாய் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். மூன்றாவது தடவை நான் அழைக்கவில்லை. உண்மையைச் சொல்கிறேன், அந்த இரண்டு தடவையும் நீ எடுத்துவிடக் கூடாது என்றுதான் நினைத்தேன். உன் பத்து வாரங்களை நீக்கினேன். சேர்க்கை நிபந்தனையில், ஐந்தாம் நிலை இசைத் தேர்வுச் சான்றிதழ் கட்டாயம் என்று ஒரு வரி சேர்த்தேன்.

குழுவின் கூட்டத்தில்தான் நீ அதைப் பார்த்தாய். பக்கத்தைப் புரட்டிய உன் விரல் நின்றது. அவர்கள் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் என் பாடத்திட்டத்தை விட்டுக்கொடுக்காமல் பதில் சொன்னாய். என் அம்புக்குறிகளை என்னைவிட நன்றாக விளக்கினாய். இத்தனை நாளும் உனக்கு அவை நன்றாகவே புரிந்திருந்தன என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அந்த ஆத்திரம் இன்றுவரை எனக்கு ஆறவில்லை.

கார் நிறுத்துமிடத்தில் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டே சொன்னாய். "கேட்டிருந்தா வேணாம்னுதான் சொல்லியிருப்பேன். அதான் நீ கேக்கல."

அதன் பிறகு மூன்று வாரம் நம்மிடையே வேலைப் பேச்சு மட்டும். கடைசியாக உன்னிடமிருந்து ஒரு குறுஞ்செய்தி வந்தது. 'செமஸ்டர் மூணுல கவுண்டர்பாயிண்ட் ரெண்டு தடவ இருக்கு. பாரு.' சரிதான், பிழை என்னுடையது. நான் ஒரு கட்டைவிரல் படத்தை அனுப்பினேன். மறுநாள் வீட்டில் மயங்கி விழுந்தாய். மூளையில் இரத்தக் கசிவு என்றார்கள். ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் இருந்தாய், கண் திறக்கவில்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்து மன்னிப்புக் கேட்டதை நீ கேட்டாயா என்று தெரியாது. காதுதான் முதலில் என்று சொன்னவள் நீ. கேட்டிருக்க வேண்டும்.

அனுமதி வந்தது. முதல் சேர்க்கைக்கு விண்ணப்பித்தவர்களில் என் நிபந்தனையைத் தாண்டியவர்கள் நான்கே பேர். நால்வருக்கும் வீட்டில் பியானோ உண்டு. நிராகரிப்புக் கடிதங்கள் கட்டாக என் மேசைக்கு வந்தன. ஐந்தாவது கடிதம் லூனாஸ் முகவரிக்கு. கவிதா. நீ சொல்லித்தான் விண்ணப்பித்திருப்பாள். அதிலும் கையெழுத்துப் போட்டேன். விதி என்னுடையது, வேறு எதைச் செய்ய? அன்று வீட்டுக்குப் போகிற வழியில் காடியை ஓரங்கட்டிவிட்டு உன்னைத் திட்டினேன். எதையும் எழுதி வைக்காமல் போனதற்கு, ஒரு வார்த்தை சண்டைகூடப் போடாமல் போனதற்கு.

மறுவாரம் டீனிடம் போனேன். பத்து வாரப் பாடத்தைத் திரும்பச் சேர்க்க வேண்டும் என்றேன். "நீங்கள்தானே எடுத்தீர்கள்?" என்று மலாயில் கேட்டார். ஆமாம் என்றேன். திருத்தத்துக்கு மறுபடியும் அதே படிவம், அதே கட்டங்கள். பத்து வாரத்தில் என்னென்ன என்று நீ வாயால் சொன்னதில் பாதிதான் எனக்கு நினைவிருந்தது. மீதியை நானே யோசித்து எழுதினேன். நீ பார்த்திருந்தால் எல்லாவற்றையும் கலைத்திருப்பாய். குழு இரண்டு முறை திருப்பியனுப்பியது. மூன்றாவது முறை ஏற்றுக்கொண்டது. கிரெடிட் கட்டத்தில் பூஜ்யம் என்றே இருக்கிறது.

சேர்க்கைக் கடிதத்தை நானே லூனாசுக்கு எடுத்துப் போனேன். கவிதா ஷிப்ட் முடிந்து அப்போதுதான் வந்திருந்தாள். நின்றபடியே படித்தாள்.

"போன வருஷம் வேணாம்னு லெட்டர் வந்துச்சு. உங்க சைன்தான் மிஸ்."

"ஆமாம்மா. அது என் தப்பு."

"இப்ப எனக்கு வேலை பெர்மனெண்டு ஆயிடுச்சு." கடிதத்தை மடித்தாள். "யோசிச்சுச் சொல்றேன்."

பதினோரு நாள் கழித்துத்தான் பதில் சொன்னாள். அந்தப் பதினோரு நாளும் எனக்குத் தகும். இப்போது இரண்டாவது செமஸ்டரில் இருக்கிறாள். வகுப்பில் குறுக்கே பேசுகிறாள், வீட்டுப்பாடத்தைத் தாமதமாகத் தருகிறாள். நான் கரும்பலகையில் எழுதுவதில் பிழை இருந்தால் எழுதி முடிப்பதற்குள் சொல்லிவிடுகிறாள்.

உன் நாற்காலியில் இப்போது ஈப்போவிலிருந்து வந்த ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். எதற்கெடுத்தாலும் சரிப்படாது என்பவர். நான்காவது செமஸ்டரில் ஒரு பாடத்தை எடுத்துவிடலாம் என்று எனக்கு ஒரு மாதமாகத் தோன்றிக்கொண்டிருக்கிறது. நேற்று அவருக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. மறுபடி போட்டேன். எடுக்கவில்லை. மூன்றாவது தடவையும் போட்டேன். எடுத்து, சரிப்படாது என்றார். ஏன் என்று கேட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். காது வலித்தது.